தங்கை வீட்டுப் பால்

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கை செல்வி விம்கோ நகரில் பால் காய்ச்சினாள். சொந்த ஃபிளாட்! பால்கனியில் நின்றால் மெட்ரோ ரயில் போவது தெரிகிறது. நானோ கல்யாணமான நாளிலிருந்து ராயபுரத்தில் வாடகைக்கு இருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு ஜன்னல்தான் தெரியும்.

பொறாமையா என்று கேட்கிறீர்களா? ஆமாம். வயிறு எரிந்தது.

பால் பொங்கியது. எல்லோருக்கும் டம்ளரில் வந்தது. நான் மட்டும் வேண்டாம் என்றேன். செல்வியின் மாமியார் அதைப் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா, அல்லாரும் குட்ச்சிட்டாங்கோ, நீ மட்டும் வேணான்ற? கூடப் பொறந்தவ வூட்டுப் பாலு தொண்டையில எறங்கலியா?"

ஹாலே திரும்பிப் பார்த்தது.

"பால் எனக்கு ஒத்துக்காதும்மா..."

"நல்ல நாளும் அதுவுமா ஒத்துக்காதாம்!" என்று சிரித்தார்.

எப்படிப் புரியவைப்பது? பாலில் உள்ள சர்க்கரையை உடைக்க லாக்டேஸ் என்ற என்சைம் வேண்டும். கைக்குழந்தையாக இருக்கும்போது நம் சிறுகுடல் செல்கள் அதைத் தாராளமாகத் தயாரிக்கின்றன. பால்குடி மறந்த பிறகு, நிறையப் பேருக்கு அந்த ஜீனை செல்லே மெல்ல மெல்ல அணைத்துவிடுகிறது. ஜீன் எங்கேயும் ஓடிப்போகவில்லை. உள்ளேயேதான் இருக்கிறது — செல் அதைப் படிப்பதில்லை, அவ்வளவுதான். இது டாக்டர் எனக்குச் சொன்னது. செல்விக்கு மட்டும் அந்த ஜீன் இன்னமும் வேலை செய்கிறது. ஒரே அம்மா, ஒரே அப்பா... பால் விஷயத்திலும் அவளுக்குத்தான் யோகம்!

இன்னொரு கொடுமையும் உண்டு. பெருங்குடலில் வாழும் சில பாக்டீரியாக்களும் இதே வேலைக்கு ஒரு என்சைம் வைத்திருக்கின்றன. சும்மா இருக்கும்போது அதற்கான ஜீனை அணைத்தே வைத்திருக்கும். வீண் செலவு எதற்கு? நான் செரிக்காமல் விட்ட பால் சர்க்கரை வந்து சேர்ந்ததும் சுவிட்சைப் போட்டு, என்சைம் தயாரித்து, விருந்து சாப்பிடும். அதில் கிளம்பும் கேஸ்தான் என் வயிற்றில் மேளம் கொட்டுகிறது. ஒற்றை செல் கிருமிக்கு இருக்கிற சாமர்த்தியம் எனக்கு இல்லையே!

யோசித்துப் பார்த்தால், பொறாமையும் இந்த பாக்டீரியா மாதிரிதான். மணலியில் யார் யாரோ பங்களாவே கட்டினார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சொந்தத் தங்கை ஃபிளாட் வாங்கியதும் உள்ளே உற்பத்தி ஆரம்பமாகிவிட்டது.

மாமியார் சொன்னது செல்வி காதில் விழுந்திருக்குமோ? என் பொறாமை எனக்குத் தெரிந்தால் போதும். அவளுக்குத் தெரியக்கூடாது... இருப்பது ஒரே தங்கை. டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன். மாமியார் முகத்தில் திருப்தி.

கொஞ்ச நேரத்தில் புது பாத்ரூமுக்குத் திறப்பு விழா நடத்தியது நான்தான். அங்கேயாவது நிம்மதி உண்டா? சுவர் முழுக்கப் பளபள டைல்ஸ். மறுபடியும் எரிந்தது.

கதவைத் தட்டினாள் செல்வி.

"யக்கா! இன்னாத்துக்குக்கா அந்தப் பால குட்ச்ச? எங்க அத்த எதுனா சொல்லும், அத்தப் போய் பெர்சா எட்துக்கினு... ஒனக்குப் பாலு ஆவாதுன்னு எனக்குத் தெரியாதா? ஒனக்குன்னே பிளாஸ்க்குல கடுங்காப்பி போட்டு வெச்சிகீறேன், வா."

காப்பி அருமையாக இருந்தது. இவ்வளவு நல்ல மனசும் அவளுக்கே போய்ச் சேர்ந்திருக்கிறதே... அதற்கும் ஒரு மடக்கு பொறாமைப்பட்டேன்.