ஹில்மி நானாவின் பின்வரிசை

கற்பிட்டியில் டொல்பின் பார்க்கப் போனவர்களுக்கு ஹில்மி நானாவைத் தெரியும். படகோட்டி, ஐம்பதைத் தாண்டியவர், நல்ல பருமன். அவர் சிரித்தால் படகும் சேர்ந்து ஆடும். ஏறுகிறவர்களின் உடம்பைப் பார்த்து, “நீங்க நடுவுக்கு வாங்க, நீங்க பின்னுக்குப் போங்க” என்று இடம் மாற்றி உட்கார வைத்த பிறகுதான் என்ஜினைத் தொடுவார்.

மாலைதீவில் இருக்கும் மகள் ஸும்றாவுக்குப் பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழிந்திருந்தது. போய்ப் பார்க்க டிக்கெட் வந்ததிலிருந்து மனிதர் தரையில் இல்லை. அவருக்கு இதுதான் முதல் விமானம். எந்த விமானம் என்று மருமகனிடம் கேட்டு, இரவு பகலாகப் போனில் அதையே பார்த்தார்.

“ஹஃபீலா, நூறு பேர்தான் ஏறலாமாம். ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு சீட்டு, நடுச்சீட்டே இல்ல! செட்டைக்குக் கீழ என்ஜின் தொங்குது. குட்டி ஓடுபாதையே போதுமாம்.”

மனைவி ஹஃபீலா குவைத்துக்கு வேலைக்குப் போய்வந்தவள். “சின்னதெண்டா ஆடும். எனக்குப் பெருசுதான் சரி” என்று முகத்தைச் சுளித்தாள்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஏறினார்கள். அன்று ஆட்கள் குறைவு, இருந்தவர்களும் முன்பக்கமே. கதவைச் சாத்தியதும் பணிப்பெண் வந்தாள்.

“சேர், முன்பக்கம் பாரம் கூடிட்டுது. நீங்க ரெண்டு பேரும் கடைசி வரிசைக்கு வர ஏலுமா?”

ஹஃபீலாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “எங்கட உடம்பப் பாத்துத்தான் கேக்குறா!”

ஹில்மி நானாவோ துள்ளி எழும்பினார். “இவ்வளவு நாளும் நான் மத்தவங்கள மாத்தினன். இண்டைக்கு என்னையும் மாத்துறாங்க புள்ள!” அவர் சிரித்துக்கொண்டே பின்னுக்கு நடந்த அழகைப் பார்த்து, கேட்காமலே இன்னும் மூன்று பேர் எழுந்து வந்தார்கள்.

பாரமில்லாத விமானம் கொஞ்ச தூரம் ஓடியதுமே மூக்கைத் தூக்கியது. முதுகு கதிரையோடு ஒட்டிக்கொண்டது. கீழே நீர்கொழும்புக் களப்பின் நீர்ப்பரப்பு சட்டென்று சுருங்கிப் போனது. “யா அல்லாஹ், என்ன ஏத்தம்!” என்று ஹில்மி நானா கத்திவிட்டார்.

மாலைதீவை நெருங்கி, கடல் மிகக் கிட்ட வந்த நேரத்தில் மழை திரைபோல் இறங்கியது. திடீரென்று இரண்டு என்ஜினும் உறுமின. இறங்கிக்கொண்டிருந்த விமானம் மறுபடி மேலே பாய்ந்தது. முன்னால் யாரோ அலறினார்கள். ஹஃபீலா கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு, சாகும் நேரத்தில் சொல்லும் கலிமாவைச் சொன்னாள்.

“பயப்படாத. மழைக்குப் பாதை தெரியல்ல, அதான் விட்டுட்டு மேல போறாங்க. ஏறுறதப் பாரன்!” ஹில்மி நானாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“மௌத்தாப் போற நேரத்துல சிரிக்கிறீங்களா!” என்று அதட்டியவள், அவருடைய வயிறு குலுங்குவதைப் பார்த்ததும் தானும் வெடித்துச் சிரித்தாள். பின்வரிசை முழுவதும் தொற்றிக்கொண்டது. வயிற்றைப் பிடித்தபடி ஒரு பெரிய வட்டம் சுற்றி வந்தார்கள்.

இரண்டாம் முறை மழை விலகியிருந்தது. ஈரத்தில் சீறிக்கொண்டு இறங்கி, பாதை முடியும் முன்பே நின்றது. எல்லாரும் கைதட்டினார்கள். விமானியறை வாசலில் இளம் பெண் ஒருத்தி நின்றாள். அவள்தான் ஓட்டியவள் என்று தெரிந்ததும் ஹில்மி நானா நெஞ்சில் கைவைத்தார்.

“மகள், இன்னொரு சுத்து சுத்தியிருக்கலாமே?”

பணிப்பெண் மொழிபெயர்த்துச் சொல்ல, விமானி தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள்.

வெளியே ஸும்றா பிள்ளையோடு காத்திருந்தாள். ஹஃபீலா மகளைக் கண்டதும் கையைச் சாய்த்து உயர்த்தி, “இப்படி இறங்கினது புள்ள, பொறகு இப்படி... இப்படி ஏறினது!” என்று மூச்சுவாங்கச் சொல்லத் தொடங்கினாள்.

“உம்மா,” என்றாள் ஸும்றா, “பேரனப் பாக்கல்லியா?”