என் கைமேல் இருந்த கை

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவள் நான். செத்தவர்களைத் துடைத்துக் கட்டிவிட்டு, அதே கையைக் கழுவிச் சோறு தின்றவளுக்கு எதன்மேல் பயம் வரும்? நீங்கள் நம்ப வேண்டும் என்றும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

திருச்சியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்து ஒரு வருஷம் முடிந்திருந்தது. "வருஷம் ஒண்ணாச்சு, இன்னும் ரத்தத்தைப் பாத்தா ஒங்க மூஞ்சி சுண்ணாம்பாயிடுதே பாப்பா" என்று ஆயா மரியம்மா கேலி செய்வாள். அவள் சொன்னது பொய்யில்லை.

அன்று ஆடிப்பெருக்கு. டாக்டரம்மா ஸ்ரீரங்கத்துக்குச் சாப்பிடப் போயிருந்தார். பாலக்கரை நூர்ஜஹானுக்கு மத்தியானம் குழந்தை பிறந்தது, நல்லபடியாகத்தான் பிறந்தது, அப்புறம் ரத்தம் நிற்கவில்லை. ஊசி போட்டேன், நிற்கவில்லை. வாசலுக்கு ஓடிப்போன ஆயா மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள்.

"டாக்டரம்மா வண்டி பாலத்துலயே நிக்குதாம். ஆத்துக்குப் போற கூட்டம் நகர மாட்டேங்குதாம். நீங்கதான் பாக்கணும்."

வயிற்றின்மேல் கை வைத்து அழுத்தினேன். தேங்காய்போல இறுக வேண்டிய கர்ப்பப்பை ஊறிய துணிபோலக் குழைந்து கிடந்தது. இன்னும் ஆழமாக அழுத்த வேண்டும் என்று தெரியும். கை போகவில்லை. அவள் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது, தொட்டிலில் குழந்தை அழுதது, வெளியே காவிரிக்குப் போகிறவர்களின் குலவைச் சத்தம், எல்லாம் ஒன்றாய்க் கலந்து என் காதை அடைத்தது.

அப்போது என் கைமேல் ஒரு கை வந்து அமர்ந்தது. உலர்ந்த, வெதுவெதுப்பான கை. கட்டைவிரலின் அடியில் பிறைபோல, பளபளவென்று ஒரு வெந்த தழும்பு. என் கையோடு சேர்த்து அது அழுத்தியது, நான் பயந்த அந்த ஆழத்துக்கு. ஆயாதான் என்று நினைத்து நிமிர்ந்தேன். ஆயா கால்மாட்டில் குனிந்து, ரத்தம் தலைப்பக்கம் ஏறட்டும் என்று கட்டிலைத் தோளால் தூக்கி, இரண்டு கையாலும் செங்கல் சொருகிக்கொண்டிருந்தாள்.

உள்ளங்கைக்குக் கீழே கர்ப்பப்பை உருண்டு இறுகியது. ரத்தம் நின்றது. குனிந்து பார்த்தால் என் கை மட்டும் இருந்தது.

மறுநாள் கஞ்சி குடித்துக்கொண்டே நூர்ஜஹான் கேட்டாள். "அந்தப் பெரிய சிஸ்டர் எங்க?"

"எந்த சிஸ்டர்?"

"உங்க கைமேல கை வச்சாங்களே, முடியெல்லாம் நரைச்சு. பாவம், அழுதுக்கிட்டே அழுத்துனாங்க."

எங்கள் ஆஸ்பத்திரியில் நரைத்த தலையோடு யாரும் இல்லை. "ரத்தம் போன மயக்கம்மா" என்றாள் ஆயா. நானும் அப்படித்தான் வைத்துக்கொண்டேன். அதன்பிறகு என் கை எங்கேயும் தயங்கியதில்லை.

பல வருஷம் கழித்து, சிரிஞ்சு கொதித்துக்கொண்டிருந்த பாத்திரம் கவிழ்ந்து என் கையில் கொட்டியது. புண் ஆறிக் கட்டைப் பிரித்த அன்று வெகுநேரம் அந்தத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரலின் அடியில், பிறைபோல. இப்போது தலையும் நரைத்துவிட்டது.

அழுகை மட்டும் இன்னும் வரவில்லை. எதற்காக அழுதேன், யாருக்காக அழப்போகிறேன், தெரியவில்லை.

புதிதாக வரும் பெண்கள் பிரசவ அறையில் கை போகாமல் நின்றுகொண்டு, "கை வச்சுக் காட்டுங்க சிஸ்டர்" என்கிறார்கள். நான் பக்கத்தில் நின்று வாயால்தான் சொல்கிறேன். அந்த அழுகை இதில்தான் காத்திருக்கிறதோ என்று கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன்.