மலையடியில் சமைத்தவர்

ரொறன்ரோவின் வோபர்னில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் என் கதவுக்கு எதிர்க் கதவு அருள்நாயகி அக்காவுடையது. மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் சமையற்கூடத்தில் அவருக்கு வேலை. விடியும் முன்னரே பஸ் எடுத்துப் போவார். திரும்பி வந்து காலாற முன்னர், தம்பிமார் வீடுகளுக்கு எதையாவது அவித்துக் கொடுத்தனுப்புவார். கலியாணம் செய்யவில்லை. செய்ய விடவில்லை என்பது என்னுடைய கட்சி. மன்னாரிலிருந்து முதல் ஆளாக வந்து, தம்பிமாரை ஒவ்வொருவராகக் கனடாவுக்கு எடுப்பித்து, எல்லாரும் வீடு வாசல் பிள்ளை குட்டி என்று நிமிர்ந்தபோது அவருக்கு நாற்பது தாண்டிவிட்டது. இதைச் சொன்னால் சிரித்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிடுவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அவருக்கு ஒரேயொரு ஆசை இருந்தது. நகை நட்டு இல்லை, லூர்து யாத்திரையும் இல்லை. பனிமலையில் ஒரு தடவை சறுக்கி இறங்க வேண்டும், அவ்வளவுதான். முதன்முதல் கேட்டபோது எனக்கும் சிரிப்பு வந்தது. ஐம்பத்தெட்டு வயதில், படி ஏறினாலே முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனுசி. பிறகு காரணத்தைச் சொன்னார். சிரிப்பு நின்றுவிட்டது.

கனடாவுக்கு வந்த முதல் மாரிக் குளிரில், வடக்கே கொலிங்வூட் பக்கம் மலையடி ஊர் ஒன்றில், விடுதி அறைகளைத் துப்புரவாக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. வசதியான ஆட்கள் பனிச்சறுக்குக்கு வந்து தங்கும் ஊர் அது. கொட்டும் குளிரில், வெளியே உள்ள சுடுநீர்த் தொட்டிக்குள் தலையை மட்டும் காட்டிக்கொண்டு வைன் குடிப்பார்கள். அறைக்குள் கட்டில் விரித்தால் ஜன்னல் முழுக்க மலை. தன் வயதுப் பெண்கள் அதிலிருந்து வளைந்து வளைந்து இறங்கி வருவதை, கையில் தலையணை உறையோடு நின்று பார்ப்பாராம். பின்னேரம் அவர்கள் ஈரக் கையுறைகளை ஹீட்டருக்கு மேல் எறிந்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். அக்கா கதவைச் சாத்திக்கொண்டு அவற்றைத் தன் கையில் போட்டுப் பார்ப்பாராம். அவர்களுடைய பணமோ வீடோ தனக்கு வேண்டாம், அந்த இறக்கம் மட்டும் வேண்டும் என்று அன்றைக்கே மனதுக்குள் விழுந்துவிட்டது. ஒரு லீவு நாளில் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தார். அதற்குள் தம்பி அன்ட்ரூ வந்து இறங்கிவிட்டான். அவனுக்குச் சமைக்க வேண்டுமே. ரொறன்ரோவுக்குத் திரும்பிவிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், இப்போது அந்தக் குடும்பம் ஒவ்வொரு பெப்ரவரியிலும் குடும்ப தின விடுமுறைக்கு அதே ஊருக்குத்தான் போகிறது. அன்ட்ரூ பெரிய வீடொன்றை வாடகைக்கு எடுப்பான். அவன் குடும்பம் ஒரு வான் வண்டியில், இளைய தம்பி மரியோவின் குடும்பம் மற்ற வானில். வான்களில் முதலில் ஏறுவது ஆட்கள் இல்லை, சட்டி பானைகள். இறைச்சிச் சட்டி, இடியப்ப உரல், ரைஸ் குக்கர், தேத்தண்ணிப் போத்தல், அரைத்த தூள். அங்கே போய் ஆண்கள் முந்நூற்றிநாலு சீட்டு விளையாடுவார்கள். பெண்கள் ரோல்ஸ் பொரிப்பார்கள். பிள்ளைகள் சுடுநீர்த் தொட்டியில் கிடப்பார்கள். மலைக்குக் கீழே வரிசையாக நின்று படம் எடுத்துவிட்டு, ஸ்கீ போய் வந்தோம் என்று ஊரெல்லாம் அனுப்புவார்கள். ஸ்கீ என்ற கட்டையை அந்த வீட்டில் ஒருவராவது காலில் மாட்டியது கிடையாது.

சமையல் அக்காதான். தானும் ஒரு தடவை மேலே போகட்டா என்று ஒவ்வொரு வருடமும் கேட்பார். அடுத்த வருசம் பாப்பம் என்பான் அன்ட்ரூ. முழங்கால் உடைந்தால் ஆர் பாக்கிறது என்பான் மரியோ. உடைந்தால் யார் சமைப்பது என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று நான் சொன்னால், அக்கா என் வாயைப் பொத்துவார். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அக்கா என்றால் அடுப்படியில் நிற்பார் என்று பழகிவிட்டார்கள்.

இந்த வருடம் அவர் ஒருவரிடமும் கேட்கவில்லை. என் மகள் கௌசியைக் கூப்பிட்டு, ஞாயிறு காலையில் புதிதாகப் பழகுகிறவர்களுக்கான வகுப்பில் தன் பெயரைப் பதிவிக்கச் சொன்னார். பதிந்து முடிந்ததும் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பூப்புனித நீராட்டுக்கு உடுப்பு எடுத்த பிள்ளை தோற்றுப்போகும்.

ஞாயிறு விடிய அந்த வாடகை வீட்டில் எழும்பி இடியப்பம் அவித்து, சொதி வைத்து, மத்தியானத்துக்கு ஆட்டிறைச்சியையும் அடுப்பில் ஏற்றினார். சும்மா போனால் மனம் கேட்காதாம். பிறகு அன்ட்ரூவின் மனைவி ஸ்டெபனியிடம், ஒருக்கால் மலைப்பக்கம் போயிட்டு வாறன், இறைச்சியைக் கொஞ்சம் பார் என்று சொல்லியிருக்கிறார். ஸ்டெபனி கைபேசியை விட்டுக் கண்ணை எடுக்காமல், ஓம் மச்சாள் என்றிருக்கிறாள். அக்கா நடந்தே போய்விட்டார்.

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் ஒஷாவாவிலிருந்து அழைப்பு. ஸ்டெபனியின் மாமா இக்னேசியஸ் மாரடைப்பில் போய்விட்டார். அவளை வளர்த்த மாமா. வீடு ஒரே குளறல். எங்கள் ஆட்களுக்குச் செத்தவீடு என்றால் கைகால் தானாக ஓடும். படுக்கைகளைச் சுருட்டி, பிள்ளைகளைத் தொட்டியிலிருந்து இழுத்து, பாதி அவிந்த இறைச்சிச் சட்டியைத் துவாயால் கட்டி ஒருவர் மடியில் வைத்து, இரண்டு வானும் புறப்பட்டுவிட்டன. அக்கா வழமைபோலச் சட்டி பானைகளோடு மரியோவின் வானில் பின்னுக்கு இருப்பார் என்று அன்ட்ரூ நினைத்தான். அழுகிறவர்களுக்குப் பக்கத்தில் இருந்து முதுகு தடவுவது எப்போதும் அக்காதானே, ஸ்டெபனியோடு ஏறியிருப்பார் என்று மரியோ நினைத்தான். ஒரு அகப்பைகூட அங்கே விடுபடவில்லை. அக்காதான் விடுபட்டுப்போனார்.

வழியில் பாரி என்ற ஊரில் கோப்பிக் கடை ஒன்றில் நிறுத்தியபோது, அழுது களைத்த ஸ்டெபனி, மச்சாளை ஒருக்கால் கூப்பிடுங்கோ என்றாளாம். அப்போதுதான் தம்பிமார் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கிறார்கள். மரியோ வானின் பின்கதவைத் திறந்து சட்டிகளுக்கு நடுவே தேடினான் என்று அன்ட்ரூ என்னிடம் சொன்னபோது எனக்கு வாயில் வந்ததை நான் இங்கே எழுதவில்லை.

அக்கா அந்த நேரம் மலையில் இருந்தார். வகுப்பில் கூட இருந்ததெல்லாம் சின்னப் பிள்ளைகள். அவர்கள் விழுந்து எழும்பி ஓட, அக்கா விழுந்த இடத்தில் இருந்து சிரித்திருக்கிறார். பழக்குகிற பெண் பொறுமைசாலி. வகுப்பு முடிய, வாருங்கள், மேலே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று நாற்காலி லிஃப்டில் ஏற்றி, புதியவர்களுக்கான ஆகச் சுகமான இறக்கத்தின் உச்சியில் கொண்டுபோய் விட்டிருக்கிறாள். கீழே தெரிந்த ஏரி வரைக்கும் வெள்ளை. வெயில். காலில் இரண்டு கட்டை. முப்பது வருடத்துக்கு மேலாக நினைத்த இடத்தில் தான்தான் நிற்கிறேனா என்று நம்ப முடியாமல் இருந்ததாம். அந்த நேரம் பார்த்துக் கைபேசி அடித்தது.

"அக்கா, எங்க நிக்கிறீங்கள்?"

"மேல."

"எங்க மேல?"

"மலையில, தம்பி. ஸ்கீயோட."

அன்ட்ரூ விம்மி விம்மி எல்லாவற்றையும் சொன்னான். மாமா போனதை, தாங்கள் புறப்பட்டதை, அவரை விட்டுவிட்டு வந்ததை, இப்போது பாரியில் நிற்பதை. திரும்பி வாறம், அந்த இடத்தை விட்டு அசையாதீங்கோ என்றான்.

அக்கா செத்துப்போனவருக்காகச் சிலுவை போட்டுக்கொண்டார். மரியோவின் வான் ஸ்டெபனியைக் கூட்டிக்கொண்டு ஒஷாவாவுக்குப் போகட்டும், தான் பின்னேரம் வந்து அவளோடு இருப்பேன் என்று சொன்னார். பிறகு சொன்னார்:

"நீ கெதியா வராதை. மெதுவா வா. ரோட்டு வழுக்கும்."

அன்ட்ரூ இன்றைக்கும் அதைச் சொல்லிக் கண் கலங்குகிறான். விட்டுவிட்டு வந்த பிறகும் எங்கட பாதுகாப்பைத்தான் நினைச்சவ என்கிறான். அன்றைக்கு ரோட்டு காய்ந்து கிடந்தது. அவனே அதில் ஓட்டிக்கொண்டு வந்தவன். ஆனாலும் அவனுக்கு விளங்கவில்லை.

அக்கா இறங்கினாரா என்று கேட்பீர்கள். இறங்கினார். நாலைந்து தரம் விழுந்து, ஒரு கையுறை எங்கேயோ போய், கீழே வந்து சேர்ந்து, திரும்பவும் ஏறினார். தம்பியின் வான் வருகிற வரைக்கும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தாராம்.

செத்தவீட்டுச் சமையலெல்லாம் முடிந்து ஒரு கிழமைக்குப் பிறகு என் குசினியில் அடுப்புக்கு எதிரே வந்து இருந்தார். நான் அவருடைய தம்பிமாரைத் திட்டத் தொடங்கினேன். வழமைபோல என் வாயைப் பொத்துவார் என்று பார்த்தேன். பொத்தவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"என்னை விட்டிட்டுப் போட்டாங்கள் எண்டு கேக்க நொந்ததுதான், பிள்ளை. ஆனா, திரும்பி வாறம் எண்டு அவன் சொன்னானே, அது அதைவிட நொந்தது."