கரண்ட் போனபின் கேட்ட இடையிசை

பாலக்கரையில் கல்யாண வீடுகளுக்கு ரேடியோ செட் கட்டும் என் மனைவியின் அண்ணன் கொண்டுவந்து வைத்த ரிக்கார்டு பிளேயர், எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டில் அவள் பாய்க்குப் பக்கத்தில் இருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. எழுபதுகளின் கடைசி. எங்கள் தலைச்சன் பிள்ளை பிறந்து அழாமலே போய்விட்டான். அன்றைக்கு வாயை மூடியவள்தான். மாதங்கள் ஆகியும் ஒரு சொல் வரவில்லை. வைத்தியம் பலிக்கவில்லை. விடிந்ததும் காவிரியில் முழுகி ரங்கநாதர் சன்னதியில் நின்று, இவளைப் பேச வை என்று கேட்பேன்.

பாட்டென்றால் அவளுக்கு உயிர். அதைப் போட்டுப் பார்க்கலாம் என்றார் மச்சான். அதில்தான் எங்களுக்குள் ஓயாத வழக்கு. நான் பழைய இசையமைப்பாளர் கட்சி. வார்த்தையை எடுத்துவிட்டாலும் அவர் மெட்டு தனியே நிற்கும். மச்சானோ, புதிதாக வந்து ஊரையே பிடித்துக்கொண்டவர் கட்சி.

"உங்க ஆளு பாட்டைப் போட்டா பந்தியில பாதிப் பேர் தூங்கிடுறான் மாப்ள. ஜனம் இவரைத்தான் கேக்குது."

"கேக்கட்டும் மச்சான். பாட்டுக்கு நடுவுல அவ்வளவு வயலின் எதுக்கு? அதை எவன் வாய்விட்டுப் பாடப் போறான்?"

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள்.

என் கட்சி இசைத்தட்டுகள் எல்லாம் ஓடித் தீர்ந்தன. ஒரு சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரம், தன் ரேடியோ செட் கடைக்கு அன்றுதான் வந்த புதுத் தட்டை உறை பிரித்துப் போட்டார் மச்சான். நாங்கள் யாருமே கேட்டிராத பாட்டு. பல்லவி முடிந்ததும் கரண்ட் போய்விட்டது. தட்டு இழுத்து இழுத்து நின்றது.

இருட்டில் முனகல் கேட்டது. அவள்தான். பல்லவியை அல்ல, வயலின்போல மேலே ஏறி, குழல்போல வளைந்து இறங்குகிற ஒன்றை. முழுதும் முனகிவிட்டு நிறுத்தினாள்.

கரண்ட் வந்தது. நின்ற இடத்திலிருந்து தட்டு சுழன்றது. இடையிசை. அதே ஏற்றம், அதே வளைவு. மச்சான் முள்ளைத் தூக்கினார்.

"இது உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"கத்தாதண்ணா," என்றாள். "புள்ள இப்பத்தான் பாடிக் காட்டிட்டுத் தூங்குறான்."

தங்கை பேசிவிட்டாளே என்று அவர் அழுதார். அதற்குப் பிறகு நன்றாகவே பேசினாள். இரண்டு பெண்கள் பிறந்தார்கள். எந்த இசையமைப்பாளர் பெரியவர் என்ற பேச்சை மட்டும் நாங்கள் எடுக்கவேயில்லை. மத்தியானங்களில் சமையலறையில் எதையோ முனகுவாள். சில மாதம் கழித்து அது ரேடியோவில் வரும். எங்கே கேட்டாய் என்று நான் கேட்பதில்லை.

அவள் பேச வேண்டும் என்றுதான் பெருமாளிடம் வேண்டினேன். யாரோடு என்று சொல்ல அப்போது தோன்றவில்லை.