போர்ட் சயீதில் என் கதவு

எங்கள் ஏறாவூரில் கல்யாணம் முடித்த பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வாப்பா கட்டிக் கொடுத்த வீடு என் பெயரில் இருந்தது. என் புருஷனும் அந்த வாசலில் நின்று கதவைத் தட்டித்தான் உள்ளே வந்தார். அந்தத் திமிரோடுதான் நான் எகிப்தில், போர்ட் சயீதில் கப்பலை விட்டு இறங்கினேன். மகாயுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருஷங்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இவருக்குத் தேயிலைக் கடை.

மாடியில் ஓர் அறை, ஒரு பல்கணி. கதவுப் பூட்டுக்கு எங்களிடம் இருந்தது ஒரேயொரு திறப்பு. இவர் காலையில் கதவை வெளியே பூட்டி, அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவார்.

“பாஷை தெரியாத ஊர் புள்ள. நான் வந்து திறக்கிறன்.”

“பூட்டி வெச்சிட்டுப் போக நான் என்ன கோழியா?”

சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரபு ஓதத் தெரியும், ஒரு வாய்த் தண்ணீர் கேட்கத் தெரியாது. அதற்காகச் சொந்த வாசல் இல்லாமல் இருக்க முடியுமா?

அங்கே பெண்கள் பல்கணியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கிச் சாமான் வாங்குவார்கள். நானும் இறக்கினேன். மீன்காரன் போட்டனுப்பிய மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தால் வெளிறிக் கிடக்கிறது. வாவி மீன் தின்று வளர்ந்தவளிடமா! கூடையைத் திருப்பி இறக்கிவிட்டுத் தமிழிலேயே வாங்கு வாங்கென்று வாங்கினேன். எதிர்ப் பல்கணிகளில் ஒரே சிரிப்பு. அவனுக்கும் விளங்கிவிட்டது, ஈரச்சாக்குக்கு அடியிலிருந்து நல்ல மீன் வந்தது. அதன்பிறகு நான் செவுள் பார்த்துத் தலையாட்டினால்தான் மற்றக் கூடைகளும் இறங்கின. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் ஊர் மிளகாய்த்தூள் போட்டு மீன் பொரித்து, கீழே இருந்த வீட்டுக்காரிக்கு ஒரு தட்டு கூடையில் இறக்கினேன். கட்டடமே அவளுடையது. தட்டைத் திருப்பிக் கொடுக்க அவளே படியேறி வந்து கதவைத் தட்டினாள். நானும் உள்ளே இருந்து தட்டினேன். விஷயம் புரிந்ததும் அவள் ஏசிய ஏச்சு கதவுக்கா, இவருக்கா தெரியாது. தடதடவென்று இறங்கிப் போய், தன்னிடம் இருந்த மற்றத் திறப்பைக் கொண்டுவந்து திறந்தாள். அதை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களையும் மூடிவிட்டாள்.

அன்று பின்னேரம் உள்தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டுதான் மீதி மீனைப் பொரித்தேன். இவருடைய திறப்பு பூட்டுக்குள் சுழன்றது. கதவு அசையவில்லை. பிறகு தட்டினார்.

“புள்ள, நான்தான் வந்திரிக்கன். கதவத் திற.”

ஏறாவூரில் கேட்ட அதே குரல். கேட்டு எத்தனை மாதமாயிற்று! மனம் நிறைந்துபோனது. கொஞ்சம் நிற்கட்டும் என்று, மீனை மறுபக்கம் புரட்டிப் போட்டுவிட்டுத்தான் போய்த் திறந்தேன்.