கேற்றைத் தாண்டாத சத்தம்

1. கொழும்பில் வேலை பார்த்த அண்ணா, தான் பாவித்த பழைய கணினியைக் கண்டிக்குக் கொண்டுவந்து எங்கள் முன்னறையில் வைத்தார்.
2. அம்மா பாட்டுக் கேட்க அண்ணா அதில் ஒரு மென்பொருளைப் போட்டார். அதை ஒழுங்குபடுத்தும் வேலையை என்னிடம் தந்தார்.
3. லீவு முடிந்து கொழும்புக்குத் திரும்பினார்.
4. அடுத்த மாதம் ஒரு பின்னேரம், தங்கியிருந்த அறையிலிருந்து சாப்பாடு வாங்கப் போனவர் திரும்பி வரவில்லை.
5. பொலிசில் முறைப்பாடு கொடுத்தோம். போகக்கூடிய இடங்களுக்கெல்லாம் போனோம்.
6. வீட்டில் பாட்டு நிற்கக் கூடாது என்று அம்மா சொன்னார்.

கேட்டவர்களிடமெல்லாம் முதல் ஐந்தையும்தான் சொன்னோம். ஆறாவதை வெளியில் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தக் கணினிக்கு நினைவகம் போதாது. படமும் பொத்தான்களும் உள்ள மென்பொருள் எதைப் போட்டாலும் பாட்டு விக்கி விக்கி வரும். அதனால் அண்ணா எழுத்து மட்டும் தெரிகிற ஒன்றைப் போட்டார். கறுப்புத் திரை, அதில் பச்சை எழுத்தில் பாட்டுகளின் பெயர்கள், கீழே எவ்வளவு ஓடியிருக்கிறது என்று காட்டும் ஒரு கோடு. மவுஸ் தேவையில்லை. இடைவெளி விசையைத் தட்டினால் நிற்கும், திரும்பத் தட்டினால் ஓடும். அம்மா அதை ஒரே நாளில் பழகிவிட்டார்.

அப்பாவுக்குத்தான் பிடிக்கவில்லை. "உதென்ன, பாங்கில காசு எடுக்கிற மெசினோ?" என்றார்.

"அப்பாவுக்குப் படம் ஆடினால்தான் பாட்டுக் கேக்கும்," என்றார் அண்ணா.

இன்னொரு நாள் அப்பா அந்தக் கறுப்புத் திரையை மூடிவிட்டுத் திரும்பினார். பாட்டு நிற்கவில்லை. திரை வெறும் முகம்தான், பாடுகிற பகுதி பின்னால் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். "உதை நிப்பாட்டவும் கம்பஸ் போய்ப் படிக்கோணுமோ?" என்று கேட்டார். அன்று நாங்கள் நால்வரும் சிரித்தோம்.

மென்பொருள் எப்படி ஓட வேண்டும் என்று சொல்லும் அமைப்புக் கோப்பை நான் எழுதினேன். கணினி படித்துக்கொண்டிருந்தவள் நான் என்பதால், அண்ணா கதிரையில் சாய்ந்திருந்து சொல்லச் சொல்ல, வரிவரியாக எழுதினேன். பாட்டுகள் எந்தக் கோப்புறையில் இருக்கின்றன. பட்டியல் முடிந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பக்திப்பாட்டு முன்னுக்கு, அம்மாவுக்குப் பிடித்த பழைய சினிமாப் பாட்டுகள் பிறகு. காலை ஆறு மணிக்குத் தானாகத் தொடங்க வேண்டும். பக்கத்துப் பன்சாலையின் ஒலிபெருக்கியில் பிக்குகளின் பிரித் ஓதல் ஆறுக்கு முன்பே முடிந்துவிடும். "அவங்கட முடிஞ்சாப் பிறகு எங்கட," என்றார் அண்ணா.

கடைசி வரி சத்தம். அதற்கு மட்டும் அவர் எழும்பி வெளியே போனார். வாசல் கேற்றடியில் நின்றுகொண்டு கையால் சைகை காட்டினார். நான் உள்ளேயிருந்து எண்ணைக் கூட்டிக் கூட்டி வந்தேன். கை நின்ற இடத்தில் எண் முப்பதாக இருந்தது. வீட்டுக்குள் எல்லா அறையிலும் கேட்கும், கேற்றைத் தாண்டாது. எங்கள் ஒழுங்கையில் தமிழ் வீடுகள் இரண்டுதான். நான் பிறக்கும் முன் நடந்த கலவரத்தில் அப்பா இதே ஊரில் ஒரு வீட்டைச் சாமான்களோடு எரியக் கொடுத்தவர். யுத்தம் நடந்த அந்த வருடங்களில் தமிழ்ப் பாட்டு ரோட்டில் கேட்பதை அவர் விரும்பவில்லை. முப்பது என்று எழுதிச் சேமித்தேன்.

அண்ணா காணாமற்போன பிறகு அப்பா வந்து, "பிள்ளை, உதை நிப்பாட்டு. வீடு இருக்கிற இருப்புக்குப் பாட்டொரு கேடே?" என்றார்.

அம்மா அடுப்பு வேலையை விட்டுக் குசினியிலிருந்து வந்தார். "பாட்டை நிப்பாட்டுறது செத்தவீட்டில. இது செத்தவீடில்லை."

அடுத்த கிழமை அம்மா என்னிடம் சத்தத்தைக் கூட்டச் சொன்னார். "அவன் ரா பஸ்ஸில ஏறி வந்து விடியக் கேற்றடியில நிப்பான். அவனுக்குக் கேக்கோணும்."

"ஊருக்கே கேட்டால் என்ன நடக்கும் எண்டு உனக்குத் தெரியாதே?" என்றார் அப்பா.

"ஊருக்கு வேண்டாம். கேற்றுக்குக் கேட்டால் காணும்."

அம்மா போய் அண்ணா நின்ற அதே இடத்தில் நின்றார். பனியில் சேலைத் தலைப்பால் காதை மூடாமல், தலையை மட்டும் மூடிக்கொண்டு நின்றார். நான் எண்ணைக் கூட்டினேன். "இன்னும் கொஞ்சம்," என்றார். பிறகு, "காணும்." நாற்பத்திரண்டு. பழைய எண்ணை அழித்துப் புதியதை எழுதினேன். அப்பா யன்னலைச் சாத்தவில்லை.

வருடம் ஒன்றுக்கு மேலாக ஒரு நாளும் தவறாமல் ஓடியது. மின்சாரம் போய் வந்தால் விட்ட பாட்டிலிருந்து தொடரும்படி இன்னொரு வரி சேர்த்தேன். பக்கத்து வீட்டக்கா கம்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர், கணவர் கண்டிச் சந்தையில் மரக்கறி விற்றவர். வேலிக்கு மேலால் எட்டி, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் அம்மாவிடம் சொல்வார்: "உங்க பாட்டு கேட்டாத்தாங்க டீச்சர் எங்க வீட்டுல அடுப்பு பத்துது. இவரு அதுக்கு முந்தி எந்திரிக்கவே மாட்டாரு."

அந்த மனிதர் ஒரு மத்தியானம் சந்தையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறந்தார்.

அடுத்த நாள் விடிய, ஆறு மணிக்குச் சற்று முன்னர், அம்மா முன்னறைக்கு வந்தார். "இண்டைக்குப் போடாத பிள்ளை. பக்கத்தில செத்தவீடு."

தொடங்கும் வரியின் முன்னால் ஒரு குறி போட்டேன். அந்தக் குறி இருந்தால் கணினி வரியை வாசிக்காமல் தாண்டிப் போகும். வரி அழியாது. எங்கள் வீட்டில் பாட்டில்லாமல் ஆறு மணி கழிந்தது அதுதான் முதல் தடவை.

அம்மா பக்கத்து வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். அம்மா அழத் தொடங்கியதும் மற்றப் பெண்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். மரக்கறிக்கடைக்காரருக்காக அவ்வளவு நேரம் யாரும் அழமாட்டார்கள். அந்த அக்காவே தன் அழுகையை விட்டு எழுந்து வந்து அம்மாவின் முதுகைத் தடவினார். "அடக்காதீங்க டீச்சர். அழுதுருங்க," என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மா தலை முழுகினார். பிறகு, அதுவரை திறந்தே இருந்த அண்ணாவின் அறைக் கதவைச் சாத்தினார்.

மறுநாள் பாட்டைப் பற்றி அவர் பேசவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. பக்கத்து வீட்டில் கருமாதி முடிந்தது. அக்கா வேலியடிக்கு வந்தார். "பாட்டப் போடுங்க டீச்சர். எங்களுக்காக நிறுத்தி வச்சிருக்காதீங்க. அவருக்குப் பிடிக்குந்தானே."

"உங்களுக்காக இல்லை," என்றார் அம்மா. அவ்வளவுதான்.

அன்று பின்னேரம் நான் வேலையால் வந்தபோது அப்பா கணினிக்கு முன்னால் கதிரையில் இருந்தார். திரை இருண்டிருந்தது.

"உது பழுதே?"

"இல்லை அப்பா."

"பழுதில்லாட்டி ஓடவிடு."

"அம்மா..."

"கொம்மாவுக்குக் கேக்க வேண்டாம். எனக்கும் கேக்க வேண்டாம். நீ ஓடவிடு."

குறியை எடுத்தேன். சத்தத்தின் வரியில் நாற்பத்திரண்டை அழித்துப் பூச்சியம் என்று எழுதினேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த எண்ணைப் பார்த்தார். பிறகு பச்சை எழுத்தில் பெயர்கள் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்றைய நிலை: காலை ஆறு மணிக்குப் பாட்டு தொடங்குகிறது. சத்தம் பூச்சியம். பட்டியல் முடிந்ததும் முதலிலிருந்து வருகிறது. அம்மா முன்னறையைக் கூட்டும்போது திரையைத் துடைக்கிறார், இடைவெளி விசையைத் தொடுவதில்லை. அண்ணாவைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை.