முயல்களின் பட்டினி நாள்

கோவையில் எம்.ஃபார்ம் படித்தபோது என் சர்க்கரை நோய் மருந்து ஆய்வுக்கு ஆறு முயல்கள் கொடுத்தார்கள். எத்தனை உயிர், எதற்காக, எவ்வளவு வலிக்கும் என்று பக்கம் பக்கமாக எழுதி, கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழு சம்மதித்த பிறகுதான் ஒன்றையாவது தொடலாம். சட்டம் அப்படி. எனக்கு அது வெறும் இழுத்தடிப்பாகத்தான் பட்டது.

முயல்களைப் பார்த்துக்கொண்டவர் தினக்கூலிக்கு வந்த ஓர் அக்கா. "ஏனுங்க, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று முயலுக்கே மரியாதை கொடுத்துத்தான் கூண்டு கழுவுவார்.

சர்க்கரைப் பரிசோதனைக்கு முந்தின சாயங்காலமே தீனியை எடுத்துவிட வேண்டும், தண்ணீர் மட்டும். காலையில் காதோரம் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஆறுக்கும் அளவு ஏறுமாறாக இருந்தது. ஒரு கூண்டில் கொத்தமல்லிக் காம்பு கிடந்தது.

"மூஞ்சியவே பாத்துட்டு நிக்குதுங்க கண்ணு. மனசு கேக்கலீங்க."

கத்திவிட்டேன். இந்த ஆறும் வீண், புதிதாக ஆறு கேட்க வேண்டும் என்றேன்.

"இன்னும் ஆறு உசுருங்களா?" என்றவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

புதிதாகக் கேட்கக் காரணம் எழுத வேண்டும். உண்மையை எழுதினால் அக்காவுக்கு வேலை போய்விடும். மெஷின் கோளாறு என்று எழுதினேன். அவரைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு அதை அவரிடமே சொன்னேன்.

குழு கூடிய அன்று அவர் கதவருகே வந்து நின்றார்.

"மெசினு நல்லாத்தானுங்க இருக்குது. நாந்தானுங்க தழை போட்டேன். என்னைய நிறுத்திப்போடுங்க, புதுசா எதையும் கொண்டாராதீங்க."

குழுவினர் அதே முயல்களுக்கு இரண்டு வாரம் ஓய்வு கொடுத்து மறுபடி செய்யச் சொன்னார்கள். அக்காவை எச்சரித்து விட்டுவிட்டார்கள். பொய் எழுதிய எனக்குத்தான் செம திட்டு.

இரண்டாம் முறை அளவெல்லாம் சரியாக வந்தது. கடைசிச் சொட்டு எடுத்து முடிக்கும்போது மதியம் ஆகிவிட்டது. அக்காவின் டிபன் பாக்ஸ் திறக்காமலே ஜன்னலில் இருந்தது.

"சாப்பிடலையாக்கா?"

"அதுங்க பட்டினி கெடக்கறப்ப எனக்கு எப்படீங்க எறங்கும்? நேத்து சாயங்காலத்துல இருந்தே ஒண்ணுந் திங்கலீங்க. இருங்க, தழை போட்டுட்டு வாரேன்."

கூச்சமாக இருந்தது. நான் காலையில் ஹாஸ்டலில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்திருந்தேன்.